செம்பு விழாத ஊர்

நொச்சித்துறையில் பொய் சொல்கிறவர்கள் வாயிலிருந்து வெள்ளிக்காசு விழ ஆரம்பித்து நாலு மாசம் கழித்து, ஆடி மாசத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்கு, ஐஸ் பேக்டரியில் அமோனியா கசிந்து மூன்று பேர் செத்துப்போனார்கள். அந்த மூன்று பேரில் ஒருவன் லேயாளின் தம்பி சீலாஸ். அவனைக் குளிப்பாட்டிப் பெட்டியில் வைக்கிறதுக்குள்ளாகவே ஊர் அவனைக் குடிகாரன் என்று சொல்லிவிட்டது. ஜென்மத்தில் பிராந்திக் கடைப் படியை மிதிக்காதவன் ஐயா அவன்! அவனைப் போய்! நினைத்தால் இப்பவும் எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் அந்த ஆத்திரம் உங்களுக்கும் ஏறும், அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

லேயாள் மேல்நிலைப்பள்ளியில் வேதியியல் ஆய்வக உதவியாளர். வயது நாற்பத்தொன்பது, கல்யாணம் ஆகவில்லை, ஏன் ஆகவில்லை என்று அவளிடம் கேட்கிற தைரியம் ஊரில் யாருக்கும் வந்ததில்லை, அவ்வளவு வாய், அவ்வளவு கோபம். அவளுக்கு உலகத்தில் இருந்த ஆசைகள் இரண்டு. ஒன்று தம்பி சீலாஸ். இன்னொன்று ஜெர்மன்காரன் காசு. அந்தக் காலத்தில் ஜெர்மன் பாதிரிமார் வந்து தங்கியிருந்த பங்களா ஒன்று நொச்சித்துறையில் இடிந்து கிடந்தது, ஒரு ஐப்பசி மழையில் அதன் சுவர் சரிந்தபோது, இருபத்திரண்டு வயதில், அவள் காலடியில் உருண்டு வந்தது முதல் காசு. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, ஒரு பக்கம் தாடி மழித்த ராஜா, மறுபக்கம் முப்பது சேர்ந்தால் ஒரு தாலர் என்று எழுத்து. அதைப் படிக்கிறதுக்காகவே அகராதி வாங்கினாள்.

அன்றைக்கு ஜெர்மனி என்று ஒரே நாடு கிடையாது, நம் தாலுகா அளவுக்கு ஒரு நாடு, நாட்டுக்கு ஒரு ராஜா, ராஜாவுக்கு ஒரு காசு, பிரஷ்யா, பவேரியா, சாக்ஸனி, பாடன், ஹெஸ்ஸே என்று முப்பத்தொன்பது. ஒவ்வொன்றிலும் சுத்த வெள்ளியில் பெரிய தாலர் அடித்தான், சுத்தச் செம்பில் சின்ன பெனிக் அடித்தான், இரண்டுக்கும் நடுவில் செம்பில் கொஞ்சம் வெள்ளி கலந்து சில்லறை அடித்தான். அந்தக் கலப்பட சில்லறை மட்டும்தான் லேயாளுக்கு வேண்டும். ஒரு தடவை புதுச்சேரி வியாபாரி தெரியாத்தனமாக ஒரு செம்பு பெனிக்கை அனுப்பிவிட்டான், ரிஜிஸ்டர் தபாலில் திருப்பி அனுப்பியதோடு, உங்களுக்குக் கண் என்று ஒன்று இருக்கிறதா என்று கடிதமும் எழுதினாள். இருபத்தேழு வருசத்தில் சேர்ந்தது அறுபத்தொரு காசு. ஐஸ் பேக்டரியில் மெஷின் ஆபரேட்டராக இருந்த சீலாஸ் வேலை முடிந்து வருகிறபோது வாசலிலிருந்தே கேட்பான், "என்னக்கா, உன் ராஜாங்கள்லாம் சாப்ட்டாங்களா?" என்று. "நீ வந்தாத்தான் சாப்பிடுவாங்களாம், கையைக் கழுவு" என்பாள். அவ்வளவுதான் அந்த வீட்டுப் பேச்சு, அது போதுமாயிருந்தது இரண்டு பேருக்கும்.

பங்குனியில் ஒரு காலை, மீன் விற்கிற பவுனம்மா லேயாள் வீட்டு வாசலில் கூடையை இறக்கி, "காலையில வந்த வாளைம்மா" என்றாள், சொல்லி வாயை மூடுகிறதுக்குள் அவள் வாயிலிருந்து ணங்கென்று ஒரு காசு அலுமினியத் தட்டில் விழுந்தது. "பல்லுதான் விழுந்துடுச்சாக்கும்னு பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு பவுனம்மா மீனை வெட்ட ஆரம்பித்தாள். லேயாள் காசை எடுத்துக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தாள். ஹெஸ்ஸே-காசல். ஒன்பது வருசமாக அவள் ஊர் ஊராகக் கடிதம் போட்டுத் தேடின காசு. அவளுக்கு வந்தது சந்தோஷம் இல்லை, கோபம். ஒன்பது வருசம்! தபால்காரன் காலடிச் சத்தத்துக்கெல்லாம் ஓடி ஓடி வந்த ஒன்பது வருசம், கடைசியில் இவள் வாயிலிருந்து, மீன் செதிலோடு!

அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க விழுந்தது. பஸ்ஸில் கண்டக்டர் "சில்லறை இல்லை" என்று சொன்னான், சில்லறை விழுந்தது. கல்யாணத் தரகர் மாப்பிள்ளைக்குச் சிகரெட் பழக்கம் இல்லை என்று பெண் வீட்டில் சொல்லி, காபி டம்ளருக்குள் பவேரியா ராஜா விழுந்து, காபியோடு சம்பந்தமும் ஆறிப்போனது. யாரும் மிரளவில்லை, கும்பிடவில்லை, கற்பூரம் கொளுத்தவில்லை. சுனாமியையே பார்த்த ஊர் அது. ஏன் விழுகிறது என்று கேட்டவர்கள் இரண்டே நாளில் ஓய்ந்தார்கள், எப்படிப் புழங்குவது என்று கேட்டவர்கள்தான் மிஞ்சினார்கள். டீக்கடைக்காரர் கல்லாப் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் வடிகட்டியைத் தொங்கவிட்டார். மூக்கு ஒழுகுகிறவன் கைக்குட்டை வைத்துக்கொள்கிற மாதிரி எல்லாரும் தோளில் துண்டு போட்டுக்கொண்டார்கள். பெண்கள் காசைப் பளபளப்பாக்குகிறேன் என்று புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காய் நாரால் அழுந்தத் தேய்த்தார்கள், மேலே இருந்த மெல்லிசு வெள்ளித் தோல் உரிந்து, உள்ளே இருந்த செம்பு சிவப்பாகப் பல்லை இளித்தது. "குத்துவிளக்கா இது? அறிவிருக்கா உங்களுக்கு?" என்று லேயாள் தெருத் தெருவாகப் போய்க் கத்தினாள். "நல்லா வெளக்கினா நல்லதுதானேம்மா" என்றார்கள் அவர்கள், போய் மறுபடியும் விளக்கினார்கள்.

வேதாசலம் பத்தர்தான் முதலில் கவனித்தவர். அவர் நகைக்கடையில் இரண்டு காசை உரைகல்லில் தேய்த்துப் பார்த்துவிட்டு லேயாளைக் கூப்பிட்டனுப்பினார். "லேயாம்மா, ரெண்டும் பொய்தான். ஆனா ஒண்ணுல மாத்து ஜாஸ்தியா இருக்கு, ஒண்ணுல கம்மியா இருக்கு. என்ன கணக்கு இது?" லேயாள் பள்ளிக்கூட ஆய்வகத் தராசை எடுத்து வந்து, காசைக் காற்றில் ஒரு தடவை, தண்ணீருக்குள் ஒரு தடவை நிறுத்து, ஒரு வாரத்தில் சங்கதியைப் பிடித்துவிட்டாள். பவுனம்மாவின் வாளை காலையில் வந்ததுதான், ஆனால் முந்தின நாள் காலையில். அந்தப் பொய்யில் கொஞ்சம் நிஜம் இருந்தது, அந்தக் காசில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வெள்ளி இருந்தது. மாப்பிள்ளைக்குச் சிகரெட் பழக்கம் இல்லை என்ற தரகர் பேச்சில், அவன் அந்த வாரம் மட்டும் விட்டிருந்தான் என்கிற அளவுக்கு நிஜம், அந்த அளவுக்கு வெள்ளி. பொய்யில் எவ்வளவு மெய் கலந்திருக்கிறதோ அவ்வளவு வெள்ளி. பத்தர் உரைகல்லைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். "சொல்றதும் உரை, தேய்ச்சுப் பாக்குறதும் உரை. நம்ம பாஷையில இதை எப்பவோ எழுதி வெச்சுட்டான்ம்மா, நாமதான் பாக்கல" என்றார்.

ஊருக்கு இந்த நுணுக்கமெல்லாம் தேவைப்படவில்லை. ஊர் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டது. காசு விழுந்தால் பொய், விழாவிட்டால் மெய், தீர்ந்தது விஷயம். வரப்புத் தகராறோ, வலை அறுந்த தகராறோ, மாமியார் மருமகள் பிராதோ, இரண்டு பக்கமும் ஆள் நின்று மோவாய்க்குக் கீழே துண்டை விரித்துப் பிடிப்பார்கள், பேசச் சொல்வார்கள், துண்டில் ஒன்றும் விழாவிட்டால் "வெறுந்துண்டு!" என்று கூட்டமே கத்தும், அதோடு தீர்ப்பு. போலீஸ் ஸ்டேஷனுக்கு வேலை இல்லை. தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளர் ஒருத்தர் துண்டுக்கு நேராக நின்று, "இந்த ஊருக்கு மீன்பிடித் துறைமுகம் வந்தே தீரும், தூங்காமல் உழைப்பேன்" என்றார், ஒரு காசு விழவில்லை, ஜனம் விசிலடித்து ஆடியது, அவருக்கே குழப்பமாகத்தான் இருந்தது, ஓட்டை வாங்கிக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை. அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. துறைமுகம் வரும், வெறுந்துண்டுல்ல, என்று காத்திருந்தார்கள்.

ஊரிலேயே பேர்பெற்ற வெறுந்துண்டு ஐஸ் பேக்டரி முதலாளி கோதண்டபாணி. நாலு மாசத்தில் அவர் வாயிலிருந்து ஒரு காசு விழுந்து யாரும் பார்த்ததில்லை. ரொம்பப் பேசமாட்டார், வளவளவென்று விளக்கம் சொல்லமாட்டார், சொல்கிறதைச் சின்னதாக, அழுத்தமாக, ஆணி அடித்த மாதிரி சொல்வார். சித்திரையில் அவரை ஊர்க்கமிட்டித் தலைவராக்கினார்கள், மாலை போட்டார்கள், துண்டும் போட்டார்கள், அந்தத் துண்டு வெறுமையாகவே இருந்தது.

இதற்கு நடுவில்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. செத்தவர்கள் மூன்று பேர். ஐஸ் சுமக்கிற செண்பகம், அவளோடு சுமக்கிற ராக்காயி, ஆபரேட்டர் சீலாஸ். கசிந்தபோது முன்பக்கம் இருந்தவர்கள் தப்பி ஓடிவிட்டார்கள், சீலாஸும் வெளியே வந்துவிட்டான், வந்தவன் திரும்ப உள்ளே போனான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பின்பக்க ஷட்டர் கதவு ஓரமாகத்தான் மூன்று பேரும் கிடந்தார்கள், சீலாஸ் கையில் ஒரு கடப்பாரை இருந்தது.

பிணங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே கோதண்டபாணி டீக்கடை முன்னால் நின்று, யாரும் கேட்காமல் தானே துண்டை வாங்கி மோவாய்க்குக் கீழே பிடித்துக்கொண்டு, மூன்று வாக்கியம் சொன்னார். "சீலாஸ் குடிச்சிருந்தான். வால்வை அவன்தான் தொறந்துவிட்டான். பின்பக்கக் கதவு தொறந்துதான் இருந்துச்சு." துண்டு வெறுந்துண்டு. அவ்வளவுதான் ஐயா. இருபது வருசம் அந்த ஊரோடு பழகினவன், எவன் வீட்டு விசேஷத்துக்கும் ஐஸ் பாரை முதுகில் சுமந்து கொண்டுபோய்ப் போட்டவன், அரைமணி நேரத்தில் கொலைகாரனாகிவிட்டான். திரும்ப உள்ளே போனானே என்று ஒருவன் இழுத்தான், போதையில் திசை தெரியாமல் போயிருப்பான் என்று இன்னொருவன் முடித்துவைத்தான். கடப்பாரை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. செண்பகத்தின் புருஷன் தங்கராசு டீக்கடை பெஞ்சின் மேல் ஏறி நின்று, "குடிகார நாயி என் பொண்டாட்டிய கொன்னுட்டாண்டா" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தினான், ஊர் கூடவே கத்தியது. அடக்கத்துக்குச் சவப்பெட்டி தூக்க ஆள் வரவில்லை. லேயாள் ஒரு பக்கம் தூக்கினாள், பத்தர் ஒரு பக்கம் தூக்கினார், மற்ற இரண்டு பக்கத்துக்கு வெளியூரிலிருந்து ஆள் வைக்க வேண்டியதாயிற்று.

கோட்டாட்சியர் விசாரணைக்கு நாள் குறித்தாகிவிட்டது, பதினோரு நாள் இருந்தது. அங்கே என்ன எழுதுகிறார்களோ அதுதான் காகிதத்தில் நிற்கும். குடிபோதையில் வால்வைத் திறந்ததால் என்று எழுதிவிட்டால், நாளைக்கு லேயாளும் செத்த பிறகு, சீலாஸ் என்கிற பேருக்கு உலகத்தில் மிஞ்சுகிறது அந்த ஒரு வரிதான். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. "பாவி, துண்டுல ஒண்ணும் விழலியே, துண்டுல ஒண்ணும் விழலியே" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள். தம்பியைப் பற்றி அவளுக்குத் தெரியாததா? ஆனாலும் நாலாம் நாள், ஒரே ஒரு நிமிஷம், ஒருவேளை குடித்திருப்பானோ என்று அவள் மனசுக்குள் வந்துவிட்டது. வந்ததும் தன் கன்னத்தில் தானே பளாரென்று அடித்துக்கொண்டாள்.

அடித்துக்கொண்ட கையோடு போய் அலமாரியைத் திறந்து, இந்தச் சனியன்தானே என் தம்பி பேரைக் கெடுத்தது என்று காசு செருகி வைத்திருந்த புத்தகங்களை எல்லாம் இழுத்துத் தரையில் போட்டாள். இருபத்தேழு வருசத்துக் காசும், நாலு மாசமாக ஊர் வாயிலிருந்து பொறுக்கி வைத்த காசும், நானூற்றுச் சொச்சம், அறை முழுக்கச் சிதறிக் கிடந்தது. அப்படியே அதன் நடுவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிரஷ்யா இருக்கிறது, பவேரியா இருக்கிறது, ரெண்டு காணி நிலத்துக்கு ராஜாவாக இருந்தவன் காசுகூட இருக்கிறது. தாலர் இல்லை. அது சரி, தாலர் சுத்த வெள்ளி, உண்மை பேசினால் எதுவும் விழுகிறதில்லையே. ஆனால் பெனிக்? முப்பத்தொன்பது ராஜாவும் மூட்டை மூட்டையாக அடித்துத் தள்ளின செம்பு பெனிக்? இத்தனை வாய், இத்தனை பொய், ஒரே ஒரு சுத்தச் செம்பு இந்த ஊரில் விழுந்திருக்கிறதா? ஓடிப்போய்ப் பத்தரைக் கேட்டாள். "செம்பா? ஒண்ணுகூட வந்ததில்லையேம்மா. எல்லாத்துலயும் ஒரு துளியாவது வெள்ளி இருந்துச்சு" என்றார் அவர். லேயாள் அங்கேயே கடை வாசலில் குந்திவிட்டாள். "அப்ப, துளிகூட உண்மை கலக்காத பொய்யிக்கு இந்த ஊர்ல காசு கிடையாது பத்தரே" என்றாள்.

பத்தர் குறட்டைக் கீழே வைத்தார். "அந்த துறைமுகம்..." என்றார். "ஆமா" என்றாள். "அடப்பாவிங்களா" என்றார் பத்தர்.

விசாரணை புயல் பாதுகாப்பு மையத்தின் கூடத்தில் நடந்தது. காலை பத்து மணிக்கே ஊர் முழுக்க வந்து உட்கார்ந்துவிட்டது. கோட்டாட்சியர் ஒரு நடுவயது அம்மாள், ஊர் வழக்கத்தைக் கேள்விப்பட்டிருந்தார், துண்டு பிடிக்கிறதற்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் எழுதுகிறது நான்தான் என்று சொல்லிவிட்டார். கோதண்டபாணி வந்தார், வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு, அதே மூன்று வாக்கியம். சீலாஸ் குடித்திருந்தான். வால்வை அவன்தான் திறந்தான். பின்பக்கக் கதவு திறந்திருந்தது. துண்டை உதறிக் காட்டினார். வெறுந்துண்டு. கோட்டாட்சியர் பேனாவை எடுத்தார்.

"ஒரு நிமிஷம்மா" என்று லேயாள் எழுந்தாள். "நான் செத்தவனோட அக்கா. எனக்கும் துண்டு பிடிக்கச் சொல்லுங்க. நானும் பேசணும்."

கூட்டம் முணுமுணுத்தது. கோட்டாட்சியர் தலையசைத்தார். இரண்டு பேர் வந்து துண்டை விரித்தார்கள்.

"எனக்கு வயசு நாப்பத்தொம்போது, மேல்நிலைப்பள்ளியில நான் தலைமையாசிரியை" என்றாள் லேயாள். ணங். பாடன் நாட்டுக் காசு. கூட்டம் சிரித்தது. "வயசு நெசம், பள்ளிக்கூடம் நெசம், உத்தியோகம் பொய். கலப்படம். விழுந்துச்சா? இப்ப பாருங்க." மூச்சை இழுத்துக்கொண்டாள். "என் பேரு கோதண்டபாணி."

ஒன்றும் விழவில்லை. துண்டு பிடித்திருந்தவன் குனிந்து பார்த்தான்.

"நான் ஆம்பளை. நான் செத்து மூணு வருசமாச்சு. கடல் தண்ணி கருப்பட்டியா இனிக்கும். எனக்கு நாலு புருஷன், நாலு பேரும் சந்திரனுக்குப் போய் மாடு மேய்க்கிறானுங்க."

ஒன்றும் விழவில்லை, ஒன்றும் விழவில்லை, ஒன்றும் விழவில்லை. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பு பாதியில் நின்றது. துண்டு பிடித்தவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், ஓட்டை இருக்கிறதா என்று.

"இப்ப கேட்டுக்குங்க எல்லாரும். என் தம்பி சீலாஸ் குடிகாரன்."

துண்டில் ஒன்றும் இல்லை.

"பாத்தீங்களாடா? பாத்தீங்களா?" லேயாளின் குரல் உடைந்து, உடைந்த இடத்திலிருந்து இன்னும் பெரிசாக எழுந்தது. "கொஞ்சமாச்சும் வெள்ளி இருந்தாத்தான் அது காசு. பாதி பொய் சொன்னவனை எல்லாம் புடிச்சீங்க, மீன்காரியைப் புடிச்சீங்க, கண்டக்டரைப் புடிச்சீங்க. முழுப் பொய் சொன்னவனுக்கு மாலை போட்டீங்க! இந்த ஆளு இதை நம்ம எல்லாருக்கும் முன்னாடியே கண்டுபுடிச்சு வெச்சிருக்கான், அதனாலதான் அவன் வாயில ஒரு வார்த்தை அதிகமா வர்றதில்ல!"

அந்த நிமிஷத்தில் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொன்று ஞாபகம் வந்தது, துறைமுகம் ஞாபகம் வந்தவர்களுக்குத் துறைமுகம், நான் அவளைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்று புருஷன் சத்தியம் பண்ணினது ஞாபகம் வந்தவர்களுக்கு அது, உன் பங்கை நான் தொடவே இல்லை என்று அண்ணன் சொன்னது ஞாபகம் வந்தவர்களுக்கு அது, நாலு மாசமாக வெறுந்துண்டு வெறுந்துண்டு என்று கைதட்டி வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டதெல்லாம் ஞாபகம் வந்தது. பல பேர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார்கள். தங்கராசு யாரையும் பார்க்கவில்லை. எழுந்து நேராகக் கோதண்டபாணியிடம் போனான், தன் தோள் துண்டை எடுத்து அவர் மோவாய்க்குக் கீழே பிடித்தான்.

"பின்னாடி கதவு தொறந்திருந்துச்சா முதலாளி?"

"தொறந்திருந்துச்சு" என்றார் கோதண்டபாணி. துண்டு காலி.

"தொறந்திருந்துச்சா?"

"அதான் சொல்றேனே. துண்டைப் பாரு."

"துண்டைப் பாக்கல. உங்களைப் பாக்குறேன்" என்றான் தங்கராசு.

வெறுந்துண்டைக் காட்டியும் தன்னை நம்பாத ஒரு முகத்தைக் கோதண்டபாணி அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தார். அந்த முகத்துக்குப் பின்னால் இன்னொரு முகம், அதற்குப் பின்னால் இருநூறு முகம். நாலு மாசமாகக் கட்டிக் காத்த வாய், விளக்கம் சொல்ல ஆரம்பித்தது. "இல்லப்பா தங்கராசு, ஐஸ் திருட்டு நடக்குதேன்னு பூட்டு போட்டது வாஸ்தவம்தான், ஆனா சாவி சீலாஸ்கிட்டதானே..."

ணங்.

பிரஷ்யா காசு. கோட்டாட்சியர் எழுந்து வந்து துண்டிலிருந்து அதை எடுத்துப் பார்த்தார். "இதில் எது உண்மை?" என்று லேயாளைக் கேட்டார்.

"பூட்டு போட்டதுங்கற வரைக்கும் வெள்ளிம்மா. சாவியில இருந்து செம்பு."

கோட்டாட்சியர் திரும்பிப் போய் உட்கார்ந்து எழுதினார். கதவு பூட்டப்பட்டிருந்தது. கோதண்டபாணி அதைத் திருத்தப் பார்த்தார், திருத்தத் திருத்த விழுந்தது. சாவி என் காரில் இருந்தது, ஆனால் அவனுக்குத் தெரியும். ணங். பைப் துருப்பிடித்திருந்தது என்று அவன் சொன்னான், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் ஒரே ஒரு தடவைதான். ணங். அன்றைக்கு மெஷினை நிறுத்தலாமா என்று போனில் கேட்டான்தான், முடிவை அவன் இஷ்டத்துக்கே விட்டுவிட்டேன். ணங். குடிக்கிற பழக்கம் அவனுக்கு இல்லைதான், அன்றைக்கு மட்டும். ணங், ணங் என்று விழுந்துகொண்டே இருந்தது, வாயை மூடிக்கொள்ளலாம் என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவே இல்லை. கோட்டாட்சியர் ஒவ்வொன்றிலிருந்தும் வெள்ளியை மட்டும் பிரித்துப் பிரித்து எழுதினார், ஒரு மணி நேரத்தில் அது ஒரு முழுப் பக்கம் ஆயிற்று. பூட்டின கதவு, முதலாளி காரில் இருந்த சாவி, துருப்பிடித்த பைப், அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்த ஆபரேட்டர், வெளியே வந்த பிறகு கடப்பாரையை எடுத்துக்கொண்டு இரண்டு பெண்களுக்காகத் திரும்ப உள்ளே போனவன். கடைசி வரியில் அவன் பேரை முழுசாக எழுதினார். போலீஸ் ஜீப் வாசலில் வந்து நின்றபோது கோதண்டபாணி, "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். அதற்கு எதுவும் விழவில்லை.

லேயாள் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினாள், சாத்தின பத்து நிமிஷத்தில் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். திறந்தால் வாசல் நிறைய ஜனம். பவுனம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எனக்குச் சீலாஸு மேல ஒரு துளி சந்தேகம் வரலம்மா" என்றாள். டீக்கடைக்காரர், "நான் ஒரு நாளும் தம்பியைத் தப்பா நெனச்சதில்லம்மா" என்றார். கமிட்டி ஆட்கள், "ஊரே அவனுக்காகத்தான் அழுதுச்சு" என்றார்கள். எதிர்வீடு, அடுத்தவீடு, பின்வீடு, எல்லாரும் சொன்னார்கள், நாங்கள் நம்பவே இல்லை, நாங்கள் நம்பவே இல்லை என்று வரிசையாக வந்து சொன்னார்கள். சொன்னவர்கள் எல்லாரும் பழக்கத்தில் துண்டையும் முந்தானையையும் மோவாய்க்குக் கீழே பிடித்திருந்தார்கள். லேயாள் வாசற்படியில் நின்று ஒவ்வொரு துண்டாகப் பார்த்தாள். ஒரு துண்டில், ஒரே ஒரு துண்டில்கூட எந்தக் காசும் விழவில்லை. அவ்வளவு சுத்தம்.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து தங்கராசு வந்தான். அவன் துண்டு பிடிக்கவில்லை. "நான் நம்புனேன்க்கா" என்றான். "கேட்ட உடனே நம்புனேன். குடிகார நாயின்னு கத்துனேன். என் பொண்டாட்டியக் காப்பாத்தப் போனவன அப்படிச் சொன்னேன்." அவனுக்கும் ஒன்றும் விழவில்லை.

லேயாள் அவனைப் பார்த்தாள், மற்றவர்களைப் பார்த்தாள். அவள் கண்ணில் அதுவரைக்கும் வராத தண்ணீர் வந்தது, அது கோபத்தைத் தணிக்கிற தண்ணீராக இல்லை.

"இதை எங்கிட்ட வந்து எதுக்குச் சொல்ற? என் தம்பி எவன்னு எனக்குத் தெரியாதா? எங்க நின்னு கத்துனியோ, அங்க போய் நின்னு சொல்லு. அதே பெஞ்சுல ஏறு. அதே சத்தமா சொல்லு."

தங்கராசு போனான். லேயாள் செருப்பைக்கூடப் போடாமல் அவன் பின்னாலேயே நடந்தாள், ஊர் அவள் பின்னால் வந்தது, வராமல் நழுவப் பார்த்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். டீக்கடை பெஞ்சின் மேல் ஏறி நின்று தங்கராசு, சீலாஸ் குடிக்கவில்லை, குடித்தான் என்று நான் சொன்னது பொய், அவன் என் பெண்டாட்டிக்காகத் திரும்ப உள்ளே போய்ச் செத்தான் என்று கடைத்தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினான். இரண்டு தடவை பாதியில் நிறுத்தினான், இரண்டு தடவையும் லேயாள் காத்திருந்தாள், முடிக்கிற வரைக்கும் விடவில்லை.

அவன் இறங்கினதும் டீக்கடைக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் வடிகட்டியைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டார்.

"அடுப்பை அணைச்சிட்டு வந்து ஏறுங்க" என்றாள் லேயாள். "அதுக்கப்புறம் பவுனம்மா. அதுக்கப்புறம் கமிட்டி. இன்னிக்கு முடியலன்னா நாளைக்கும் வருவேன்."